எரியாத அடுப்புக்கு எழுதிய பதில்

புதிதாக வக்கீல் குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆரணியில் ஒரே வக்கீலிடம் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அவர் பேசுவார், நான் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். கட்டு எப்படிக் கட்டுவது, ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட ஜல்தியாகக் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப் போவது என் மானம் போன கதை. மானம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு பெண்ணின் ரேஷன் கார்டும் கூடவே போக இருந்தது.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் பிறந்திருந்த சமயம். போலிக் கார்டுகளைக் களையெடுக்கிறோம் என்று வீடு வீடாகச் சோதனை நடந்தது. வேண்டாதவன் எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் போதும், ரெண்டு நாளில் வாசலில் ஜீப் வந்து நிற்கும். ஒரே வீட்டில் இரண்டு கார்டு இருந்தால் முதல் கேள்வி அடுப்பைப் பற்றித்தான். தனிச் சமையல் இருந்தால் தனிக் குடும்பம், தனிக் கார்டு. தனி அடுப்பு இல்லாமல் தனிக் கார்டு வைத்திருந்தால் பொய் சொல்லி அரிசி வாங்கினதாக அர்த்தம். கார்டை ரத்து செய்வதோடு குற்ற நடவடிக்கையும் எடுக்கப்படும் என்று நோட்டீசின் அடியில் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு ஜனங்கள் வெலவெலத்துப் போய் எங்கள் ஆபீசுக்கு ஓடி வருவார்கள். களம்பூர் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், பெரணமல்லூர் பக்கத்துக் கூலி ஜனங்கள், எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் என்று காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிடும்.

கூட்டத்தைச் சமாளிக்க நான் ஒரு காரியம் செய்தேன். பதில் மனுவுக்கு ஒரு ஃபார்மட் தயார் செய்து ஜெராக்ஸ் போட்டு அடுக்கி வைத்துக்கொண்டேன். பெயர், தெரு, கார்டு நம்பர் மூன்றுக்கும் கோடு போட்டு இடம் விட்டிருந்தேன். மற்றதெல்லாம் அச்சு. "நாங்கள் தனி அடுப்பில் தினமும் தனியாகச் சமைத்து உண்டு வருகிறோம். ஆய்வு அறிக்கையில் கண்டது உண்மைக்கு மாறானது" என்று கம்பீரமாக இருக்கும். வக்கீல் முதல் நாலைந்து மனுக்களைப் படித்துப் பார்த்தார். அப்புறம் என்னை நம்பிப் படிக்காமலே அனுப்ப ஆரம்பித்தார். பல பேருக்கு அது வேலையும் செய்தது, ஏனென்றால் பல பேர் வீட்டில் உண்மையிலேயே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள் என் ஃபார்மட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு நாளில்தான் வசந்தா வந்தார். பட்டுத் தறி நெய்கிறவர். புருஷன் இறந்து மூன்று வருஷம். மூன்று பிள்ளைகள். இருந்த ஒரே வீட்டில் முன்கூடம் இவருக்கு, பின்கட்டு கொழுந்தன் குடும்பத்துக்கு என்று பெரியவர்கள் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வாசல் ஒன்றுதான். முன்கூடத்திலேயே தறி, முன்கூடத்திலேயே ஒரு மூலையில் அடுப்பு, அங்கேயே படுக்கை. தனியாக ஒரு ரேஷன் கார்டு. அந்தக் கார்டின் மேல்தான் மொட்டைக் கடுதாசி போய், ஜீப் வந்து சோதனை போட்டு, நோட்டீசும் வந்திருந்தது.

"இன்னா சார் இது? போலீசு வரும்னு போட்டுகிதாமே. என் பெரிய பையன் படிச்சிட்டு அழுதுகினு கெடக்கறான்" என்று நோட்டீசை நீட்டினார். "கார்டு போயிட்டா நாங்க நாலு பேரும் இன்னா துண்றது?"

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதம்மா. பதில் குடுத்துடலாம்."

"சார், அந்த அடுப்பு இருக்குது பாருங்க…"

"அடுப்பு இருக்குதில்ல? அது போதும்."

"இல்ல சார், அது இன்னான்னா…"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஜல்தி கையெழுத்து போடு. தபால் கட்ற நேரம்."

போட்டார். இரண்டு தடவை சொல்ல வந்தார், இரண்டு தடவையும் நான் வாயை அடைத்தேன். அந்த நோட்டீசையாவது முழுசாகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை. அடியில் இருந்த கெடுவை மட்டும் பார்த்துவிட்டு ஃபார்மட்டை உருவினேன். இதை எழுதும்போதுகூட என் கன்னத்தில் நானே ரெண்டு போடலாம் போல இருக்கிறது. நம்மிடம் வருகிறவர்கள் பாதிப் பேருக்குத் தன் கேஸில் எது முக்கியம் என்று தெரியாது என்போம். உண்மைதான். ஆனால் நமக்கும் தெரியாது, அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும்.

பதில் போய்ச் சேர்ந்தது. வழங்கல் அதிகாரியே நேரில் வந்து மறு ஆய்வு செய்வதாகக் கடிதம் வந்தது. குறித்த நாளன்று காலை பதினோரு மணி. அன்றைக்கு மத்தியானம் வக்கீலுக்கு வேலூரில் ஒரு பெரிய கேஸ். நீ போய்ப் பக்கத்தில் நில்லு, போதும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிளம்புகிற மனுஷர் எதற்கோ வசந்தாவின் கட்டை எடுத்துப் பிரித்தார். நோட்டீசையும் நான் அனுப்பிய பதிலின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"ஏன்யா, அந்த அடுப்பு எரியுதா இல்லையா?"

"எரியும்ங்க."

"நீ பாத்தியா?"

"இல்லீங்க."

"அந்தம்மா சொன்னாங்களா?"

தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"சாம்பல் இல்ல, வாயில கோணி அடைச்சிருக்குது, எல்லாச் சமையலும் பின்கட்டுலன்னு ஆய்வுல எழுதியிருக்காங்க. தினமும் சமைக்கிறோம்னு நீ எழுதியிருக்க. கார்டு வாங்கறப்ப அந்தம்மா பொய் சொன்னாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்ப அவங்க கையெழுத்துக்கு மேல ஒரு பொய் இருக்குது. அது நீ எழுதினது."

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. படிக்காமல் அனுப்பினதற்குத் தன்னையும் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "உடனே போ. அவங்க வாயால கேளு. அவங்க இன்னா சொல்றாங்களோ அதை அப்படியே எழுது, ஒரு வார்த்தை சேக்காத. கையெழுத்து வாங்கி, அதிகாரி கேக்கறதுக்கு முன்னாடி நீயே அவர் கையில குடு. கேட்டதுக்கப்புறம் குடுத்தா அது திருத்தம் இல்ல, மாட்டிக்கினு முழிக்கறது."

"பேச்சை மாத்தறோம்னு நினைப்பாருங்களே ஐயா?"

"நினைக்கட்டும். மாத்தினது யாருன்னு நீ சொல்லு."

என் சைக்கிள் அன்றைக்குப் பறந்தது. தறிக்காரத் தெருவுக்குள் நுழையும்போது மணி பத்தரை. வசந்தா தறியில் இருந்தார். உள்ளே கால் வைக்கப் போனேன். "சார், சார், காலைக் கழுவிகினு வாங்க" என்று ஒரு சத்தம். தெருப் புழுதியோடு யாரும் உள்ளே வரக்கூடாதாம். பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார், இந்த அம்மா காலைக் கழுவச் சொல்கிறதே என்று எனக்குப் பேஜாராகத்தான் இருந்தது. கழுவிக்கொண்டு போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே கிடக்கிறவன், பட்டைப் பார்க்காதவன் இல்லை. அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப் போன கண். ஆனால் அந்த முன்கூடத்தில், கறுத்த சுவருக்கும் விரிசல் விட்ட தரைக்கும் நடுவில், தறி முழுக்க வெள்ளைப் பட்டு விரிந்து கிடந்தது. சுத்த வெள்ளை. பாலில் கொஞ்சம் சந்தனம் கலந்த மாதிரி ஒரு வெள்ளை. எங்கேயும் ஒரு பொட்டுக் கறை இல்லை. அந்த ஒற்றை அறையில்தான் நாலு பேர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தறியிலிருந்து நாலு எட்டில் மூலையில் அந்த அடுப்பு. சுத்தமாகத் துடைத்து, வாயில் ஒரு கோணியைத் திணித்து அடைத்து வைத்திருந்தார்கள்.

"இந்த அடுப்பு எரியுதாம்மா?"

"எரியல சார். ரெண்டு மாசம் ஆவுது. அதைத்தானே அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கேக்கவே இல்லியே."

"ஏன் எரியல?"

அவர் என்னை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வெள்ளைப் பாவு ஏத்தியிருக்குது சார். வெறகு அடுப்பை எரிச்சா கரி வந்து குந்திக்காதா?"

அவ்வளவுதான் விஷயம். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல். இது மூன்று புடவை நெய்கிற வெள்ளைப் பாவு. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மணப்பெண் கட்டுகிற வெள்ளைப் புடவைக்காகக் கடைக்காரர் கொடுத்தது. கலர்ப் பாவு ஏறியிருந்தால் துணி போட்டு மூடிவிட்டு இங்கேயே பொங்குவார்களாம். வெள்ளை என்றால் நெய்து முடித்துப் பாவு அறுக்கிற வரைக்கும் முன்கூடத்தில் நெருப்பே கிடையாது. பின்கட்டில் ஓரகத்தி சமைத்து முடித்ததும், இவர் தன் அரிசியைத் தன் பானையில் போட்டு அதே அடுப்பில் ஏற்றுவார். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அது அவர்களுக்கு அவ்வளவு சாதாரணம். ஆய்வுக்கு வந்தவர்களிடம் ஏன் எரியவில்லை என்று விளக்க வேண்டும் என்றே வசந்தாவுக்குத் தோன்றவில்லை. வெள்ளைப் பட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு மனுஷன் அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்பானா என்று நினைத்திருக்கிறார். என்னிடம் மட்டும்தான் சொல்ல முயன்றிருக்கிறார். நான்தான் தபாலுக்கு நேரமாச்சு என்றவன்.

அவசர அவசரமாகப் பேப்பரை எடுத்தேன். "சார், பேனாவை அந்தாண்ட வச்சிகினு எழுதுங்க, மை தெறிக்கும்" என்றார். என் பேனா ஒழுகுகிற பேனா, அதையும் கவனித்திருக்கிறார். வாசற்படிக்கு வெளியே போய் உட்கார்ந்து, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். இந்த அடுப்பு இரண்டு மாதமாக எரியவில்லை. தறியில் வெள்ளைப் பாவு இருப்பதால் எரிக்கவில்லை. என் அரிசியை என் பானையில் பின்கட்டு அடுப்பில் பொங்குகிறேன். முந்தைய பதிலில் கண்டது நான் சொன்னதல்ல. மூன்றாம் வரியில் ஒரு அழகான சட்ட வார்த்தை போடலாமா என்று கை அரித்தது. போடவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

அந்த அதிகாரி லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனுஷர் என்று பெயர் எடுத்தவர். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். இறங்கினதுமே பேப்பரை நீட்டினேன். அங்கேயே நின்று படித்தார். பிறகு ஃபைலைத் திறந்து என் பழைய பதிலைப் படித்தார்.

"போன வாரம் வரைக்கும் தினமும் எரிஞ்ச அடுப்பு, இப்ப ரெண்டு மாசமா எரியலையா? எது உண்மை?"

"இதுதாங்க உண்மை."

"அப்ப அது?"

அந்தம்மாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. வக்கீலின் குரல் காதில் கேட்டது.

"அது நான் எழுதினதுங்க. அவங்களைக் கேக்காம, எல்லாருக்கும் எழுதற மாதிரி எழுதிட்டேன். அவங்க சொல்ல வந்தாங்க, நான் விடல."

"நீ யாரு?"

"வக்கீல் குமாஸ்தாங்க."

"இதே மாதிரி எழுதித் தருவியா?"

"தரேங்க." அந்தப் பேப்பரின் அடியிலேயே எழுதி என் பெயரைப் போட்டேன். அது வரைக்கும் ஆயிரம் மனு எழுதியிருக்கிறேன், ஒன்றிலாவது என் பெயர் இருந்ததில்லை.

அவர் உள்ளே போனார். வசந்தா அவரையும் விடவில்லை. "சார், ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார், கோச்சிக்காதீங்க." அதிகாரி ஒரு நொடி முறைத்தார், பிறகு குனிந்து கழற்றினார். நேராக அடுப்புக்குப் போய்க் கோணியை உருவினார், விரலை விட்டுத் தடவினார். வெறும் மண். திரும்பி நின்றார்.

"இது கார்டுக்காகக் கட்டின அடுப்பு. இதுல சமையலே நடந்ததில்லைன்னு நான் சொல்றேன். நடந்திருந்தா எரிச்சுக் காட்டுங்க. இப்பவே, என் எதிர்ல கொளுத்துங்க."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, இவ்வளவுதானே! பின்கட்டிலிருந்து ஓரகத்தி ஓடிப்போய் நாலு விறகும் தீப்பெட்டியும் எடுத்து வந்து வாசற்காலில் வைத்தார். வசந்தா நகரவில்லை. தறிக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப முடியாது சார்."

நான் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: "கொளுத்தும்மா. ரெண்டு நிமிஷ வேலை."

"பட்டு இருக்குது சார்."

"துணி போட்டு மூடிக்கலாம். கொளுத்தும்மா."

"மூடினா கரி மேல வுழாது சார். ஆனா பொகை பூந்துகினு போவும். இன்னிக்குத் தெரியாது. மடிச்சு வச்சிட்டு என்னிக்கோ எடுத்துப் பிரிச்சா பழுப்பா தெரியும்."

"என்னிக்கோ தெரியறதுக்கு இன்னிக்குக் கார்டை விடுவியா? உன் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு. கொளுத்தும்மா!"

கடைசியில் சொன்னது காதோடு சொன்னதாக இல்லை, கெஞ்சலாகவே வந்துவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பயம் இல்லாத பெண் இல்லை. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கொளுத்தலைன்னா கார்டு போயிடும்மா" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்."

"அந்தப் புடவை யாருக்கு?"

"தெரியாது சார். யாரோ ஒரு பொண்ணு. கல்யாணத்தன்னிக்குக் கட்டிகினு போயி சர்ச்சுல நிக்கும். நான் அந்தப் பொண்ணைப் பாக்கப் போறதில்ல, அது என்னைப் பாக்கப் போறதில்ல. ஆனா அது மேல பொகை அடிச்சா, அடிச்சது நான்தானே சார்?" தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "இன்னும் பதினைஞ்சு நாள் குடுங்க. பாவு அறுத்துட்டு உங்க எதிர்ல இந்த அடுப்புலதான் சோறு பொங்குவேன். இப்ப முடியாது. நீங்க இன்னா எழுதினாலும் சரி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ கோர்ட்டில் எத்தனையோ பெரிய வக்கீல்கள் சத்தியத்தைப் பற்றி மேஜையைத் தட்டிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் ஒரு பக்கம். கார்டு போனால் சோறு இல்லை, கேஸ் வந்தால் ஜெயில் என்று தெரிந்தே, பெயர் தெரியாத ஒருத்தியின் கல்யாணத்துக்காக ஒரு பெண் தீக்குச்சியைத் தொட மாட்டேன் என்கிறாள். இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று நான் திகைத்துப் போய் நின்றேன். அது வரைக்கும் என் மனசில் அவர் இன்னொரு கட்சிக்காரி, இன்னொரு ஜெராக்ஸ். அன்றையிலிருந்து அவரை அப்படி நினைக்க எனக்கு வரவில்லை.

அதிகாரி அடுப்பை விட்டு நகர்ந்தார். தறியின் பக்கம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தார். மூச்சு மேலே படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு பின்கட்டுக்குப் போனார். அங்கே அடுப்பு ஒன்று, பக்கத்தில் பானை இரண்டு. ஒன்றில் சோறு வடித்தாகிவிட்டது. இன்னொன்று கழுவிக் கவிழ்த்து, தன் முறைக்காகக் காத்திருந்தது. அரிசி டின்னும் இரண்டு. வசந்தாவின் டின்னைத் திறந்து கை விட்டு அள்ளிப் பார்த்தார். ரேஷன் அரிசிதான், அடியில் கொஞ்சம் கிடந்தது. "வேற அரிசி வாங்கறதில்லையா?" என்று கேட்டார். "இல்ல சார், இதுதான்" என்றார் வசந்தா. அதிகாரி டின்னை மூடி இருந்த இடத்திலேயே வைத்தார்.

வாசலுக்கு வந்து ஷூவைப் போட்டுக்கொண்டு, ஃபைலைத் தொடைமேல் வைத்து எழுதினார். பாவு முடிகிற வரைக்கும் முடிவை ஒத்தி வைப்பதாகவும், அது வரைக்கும் கார்டுக்கு அரிசி வழங்கலாம் என்றும் எழுதிவிட்டு, "பதினைஞ்சு நாள்ல வருவேன்" என்று சொல்லிப் போனார். சாயங்காலம் வேலூரிலிருந்து வந்த வக்கீலிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். விறகு, தீப்பெட்டி வரைக்கும் சொன்னேன். நான் காதில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் எழுந்து போய், அலமாரியில் இருந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நானே கிழித்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் ஒவ்வொரு பதிலும் கையால்தான். பெஞ்சில் கூட்டம் இன்னும் சேர்ந்தது, அதிலும் என் பேனா ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

சொன்ன மாதிரியே அதிகாரி வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் புடவை அறுத்துக் கடைக்குப் போயிருந்தது. தறி வெறுமையாக இருந்தது. வசந்தா விறகை வைத்துக் கொளுத்தினார். ரெண்டு மாசத்துக்கு மேல் சும்மா கிடந்த அடுப்பு அல்லவா, ஈரத்தில் குப்பென்று புகை எழும்பிக் கூடம் முழுக்கச் சுற்றியது. அதிகாரி இருமினார், நான் இருமினேன், வசந்தாவின் பிள்ளைகள் மூன்றும் கைகொட்டிச் சிரித்தன. "போதும்மா போதும், எரியுது, நம்பறேன்!" என்று அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். வசந்தா விடவில்லை. சோறு பொங்கி இறக்குகிற வரைக்கும் இருந்தால்தான் ஆச்சு என்று அடம் பிடித்தார். இருந்தோம். பானை பொங்கி வழிந்தது. தனி அடுப்பு, தனிச் சமையல், கார்டு தொடரலாம் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டு, வாங்கிப் பார்த்த கார்டை வசந்தாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறப் போன அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"குமாஸ்தா, ஒண்ணு சொல்லட்டுமா? அன்னைக்கு ஒரு வேகத்துல கொளுத்துங்கன்னு சொல்லிட்டேன். அவங்க மட்டும் கொளுத்தியிருந்தா, வெள்ளைப் பாவுங்கறது கட்டுக்கதைன்னு எழுதி அங்கேயே கார்டை ரத்து பண்ணியிருப்பேன்."

ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். கொளுத்தும்மா, கொளுத்தும்மா என்று அன்றைக்கு மூன்று தடவை சொன்னவன் நான்தான்.